கம்பைலருக்கு ஒரு புதிய சொல்

திருமணமான வருடமே என் கணவரை இந்தோனேசியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நூற்பாலையில் எங்கள் மின்னணுக் கருவி பொருத்திய இயந்திரங்களை ஓடவைத்துக் காட்டிவிட்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் பேச்சு. நான் அவர் பெட்டியில் சென்னிமலைப் போர்வை ஒன்றை மடித்து வைத்தேன். என் பிறந்த ஊர் அது. அந்த நாட்டில் வருடம் முழுக்கப் புழுக்கம் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ஆனாலும் பெட்டியை மூடிக்கொண்டார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையம் போகும் வழியில், பம்ப்செட் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடையும் லேத் பட்டறை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே இரும்பு சீவும் சத்தமும் கூலன்ட் எண்ணெய் வாடையும் மாடிப்படி ஏறி எங்களோடு உள்ளே வரும். எங்கள் இருவருக்கும் வேலை அங்கேதான். ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பழகியவர்கள். ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப்போனதை வெளியே காட்டாமல், பெரியவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த சம்பந்தம் இது என்று அவர்கள் நம்பும்படி நடந்துகொண்டோம். அவருடைய அம்மாவை இன்றுவரை அப்படியே நம்ப விட்டிருக்கிறோம்.

நூற்பாலையில் நூற்ற நூலைக் கூம்பு வடிவ அட்டையில் சுற்றித் தரும் இயந்திரம் ஒன்று உண்டு. கோன் வைண்டிங் என்பார்கள். வரிசையாக உருளைகள் சுழலும், ஒவ்வொன்றும் ஒரு நூலைச் சுற்றும். நூல் அறுந்தால் அந்த உருளை மட்டும் உடனே நிற்க வேண்டும். இத்தனை மீட்டர் என்று சொன்னால் அந்த நீளம் வந்ததும் நிற்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மின்னணுப் பலகையைச் செய்து கொடுப்பது எங்கள் தொழில். பலகையில் இருக்கும் சின்ன பிராசசர் ஏதோ ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, நூல் அறுந்தது என்று ஒரு சமிக்ஞை வரும். அதைத்தான் இன்டரப்ட் என்போம். பிராசசர் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அதைக் கவனிக்க ஓட வேண்டும். கவனித்து முடித்ததும், விட்ட இடத்திலிருந்து ஒன்றும் நடக்காததுபோல் வேலையைத் தொடர வேண்டும். அதற்கு, போகும் முன் தன் ரெஜிஸ்டர்களில் இருந்த எண்களைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்க வேண்டும். ரெஜிஸ்டர் என்பது பிராசசர் உடனடி வேலைக்குக் கையில் வைத்திருக்கும் சின்னச் சின்ன இடங்கள். அதில் ஒன்றை எடுத்து வைக்க மறந்தாலும் திரும்பி வந்ததும் கணக்கு தப்பிவிடும்.

இந்தோனேசியாவில் அதுதான் தப்பியது.

இரண்டாவது வாரக் கடைசியில் அலுவலகத்துக்குப் போன் வந்தது. போன் முதலாளி அறையில் இருந்தது. நல்ல மனிதர். ஆனால் வெளிநாட்டு அழைப்பு என்றால் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்திவிடுவார். அறையில் இருக்கும் எல்லாரும் கேட்கலாம், கதவுக்கு வெளியே இருப்பவர்களும் கேட்கலாம்.

"மெஷின் நின்னுபோச்சா?" என்றார் முதலாளி.

"நிக்க வேண்டியது நிக்க மாட்டேங்குதுங்க," என்றது என் கணவரின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "ஷிஃப்டுக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை. எந்த உருளைன்னு சொல்ல முடியலீங்க. நீளம் தாண்டி ஓடுது."

முதலாளி என்னை அருகில் கூப்பிட்டார்.

"அம்மணி, டைமர் இன்டரப்ட்ல எந்தெந்த ரெஜிஸ்டரு எடுத்து வெச்சிருக்கோம்னு பாத்துச் சொல்லு," என்றார் கணவர்.

"சொல்றேனுங்க. சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். ஏழாவது ரெஜிஸ்டரு இருக்கா?"

"இருக்குதுங்க."

அவ்வளவுதான். பதினைந்து நாள் கழித்து என் கணவரோடு நான் பேசிய முதல் பேச்சு.

அன்று ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினோம். இரண்டு நாள் ஓடியது. பிறகு ஆலை மேலாளர், ஷிஃப்டுக்கு எவ்வளவு நூல் சுற்றியது என்று திரையில் தெரிய வேண்டும் என்றார். என் கணவர் அங்கேயே உட்கார்ந்து அதை எழுதிச் சேர்த்தார். மறுநாள் வேறொரு உருளை ஓடிக்கொண்டே இருந்தது. அதைத் திருத்தினால் இன்னொன்று. எல்லா இன்டரப்ட்டிலும் எல்லா ரெஜிஸ்டரையும் எடுத்து வைத்துப் பார்த்தார். அப்படிச் செய்தால் பிராசசருக்கு நேரம் போதவில்லை. இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது நீளக் கணக்கே தவறியது. மூன்று வாரம் தாண்டியது, அடுத்த மாதமும் பிறந்தது. இயந்திரம் சரியாக ஓடாமல் அவரைத் திருப்பி அனுப்ப ஆலைக்காரர்கள் தயாராக இல்லை. அழைத்துக்கொள்ள முதலாளிக்கும் முகமில்லை.

கணபதியில் வீடு. வீட்டில் அத்தையும், அதாவது அவர் அம்மாவும், நானும் மட்டும். பிழையை ஆங்கிலத்தில் பக், அதாவது பூச்சி என்று சொல்வோம் என்று ஒருநாள் தெரியாமல் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வரும்.

"அந்தப் பூச்சி இன்னும் ஆப்படலையா கண்ணு?"

"இல்லீங்க அத்தை."

"என்ற பையன் சோத்துக்கு என்ன பண்றானோ. அங்க சிறுவாணித் தண்ணியா கெடைக்கும்?" என்பார். பிறகு இருவரும் சாப்பிட உட்காருவோம். என் கணவர் எப்போதும் உட்காரும் பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்காராமல், அந்த இடத்தைச் சும்மா விட்டு வைத்திருந்தோம். அப்படி யாரும் பேசி முடிவு செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் சொல்லச் சொல்ல நான் இங்கே மாற்றி வைத்திருந்த நிரலின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் கம்பைலரில் கொடுத்து, அது தந்த கட்டளைகளை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். கம்பைலர் என்பது நாங்கள் சி மொழியில் எழுதுவதைப் பிராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் நிரல். அச்சுத்தாள் கிழிக்காத நீளத் தாள். கூடத்திலிருந்து சமையலறை வாசல்வரை இரண்டு பாய்போல விரித்துப் போட்டு, முழங்காலில் தவழ்ந்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாள்களைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தார்.

நடுக்கூடத்தில் இருக்கும்போது பிடிபட்டது. பழைய வடிவத்தில் அந்த இன்டரப்ட் வேலைக்குக் கம்பைலர் நான்கு ரெஜிஸ்டர்களைப் பயன்படுத்தியிருந்தது. திரையில் காட்டும் பகுதியைச் சேர்த்ததும், அதற்கு ஐந்தாவதாக ஒன்று தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டது. ஆனால் ரெஜிஸ்டர்களை எடுத்து வைக்கும் பகுதியை மட்டும் நாங்கள் தனியாக, கையால், பிராசசரின் சொந்த மொழியான அசெம்பிளியில் எழுதியிருந்தோம். அது இன்னும் நான்கைத்தான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. கம்பைலர் தன் வேலையைச் சரியாகவே செய்தது. நாங்கள் அதனிடம் சொல்லாமல் அதன் முதுகுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். இனி ஒவ்வொரு முறை நிரலில் கை வைக்கும்போதும் வேறெங்காவது இது வெடிக்கும். எந்த ரெஜிஸ்டரைத் தொடுகிறோம் என்பது கம்பைலருக்குத்தான் தெரியும், ஆகவே எடுத்து வைக்கும் வேலையையும் அதனிடமே கொடுத்துவிட வேண்டும்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன்.

"கம்பைலர்லயே கை வெக்கறதா?" என்றார். "அது யாரோ பெரிய பெரிய ஆளுங்க எழுதுனதுல்ல?"

"அவங்களும் நம்மளை மாதிரி உக்காந்து எழுதுனதுதானுங்க சார். மூலநிரல் முழுசும் நம்மகிட்ட இருக்குது."

"எத்தனை நாளாகும்?"

"தெரியலீங்க."

"அவன் அங்க தவிக்கறான்மா."

"அதுக்குத்தானுங்க சார்."

அன்றே முதலாளி என் மற்ற வேலைகளை எல்லாம் எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கம்பைலர் இலவசமாகக் கிடைத்தது, அதன் மூலநிரலோடு. எழுதியவர்கள் எந்தெந்த நாட்டிலோ இருந்தார்கள். அவர்கள் இடையிடையே எழுதி வைத்த குறிப்புகளைப் படித்துக்கொண்டே உள்ளே போனேன். ஒருவர் நிறுத்தி நிதானமாக விளக்குவார். இன்னொருவர், இது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் வேலை செய்கிறது என்று அலுத்துக்கொள்வார். முதல் சில நாட்கள் ஒன்றும் புரியவில்லை. நிரலில் ஒரு தனி வேலையைச் செய்யும் துண்டை ஃபங்ஷன் என்போம். ஒரு ஃபங்ஷன் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கட்டளைகளை எழுதித் தரும் பகுதியைக் கண்டுபிடித்த பிறகு வழி தெரிந்தது. நான் செய்ய நினைத்தது கேட்க எளிமையானது. ஒரு ஃபங்ஷனுக்கு முன்னால் இன்டரப்ட் என்ற சொல்லை எழுதினால், கம்பைலர் அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அந்த ஃபங்ஷன் தொடும் ரெஜிஸ்டர்களை மட்டும் தொடக்கத்தில் எடுத்து வைத்து, முடிவில் தலைகீழ் வரிசையில் திருப்பி வைக்க வேண்டும். சாதாரண ஃபங்ஷன்போல் திரும்பாமல், இன்டரப்ட்டிலிருந்து திரும்புவதற்கென்றே இருக்கும் கட்டளையால் திரும்ப வேண்டும்.

ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் கம்பைலரைப் புதிதாகக் கட்டி எடுக்க எங்கள் கணிப்பொறிக்கு வெகுநேரம் பிடித்தது. திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக நகரும். எதிர் மேசையில் அவருடைய நாற்காலி காலியாக இருக்கும். யாராவது அதை இழுத்துப் போட்டு உட்கார வந்தால், அது ஆடும், வேறு எடுத்துக்கோங்க என்று பொய் சொல்வேன்.

ஒரு ஞாயிறு சாயங்காலம், நூல்கண்டு வாங்கப் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டுக் காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட டெலிபோன் பூத். எண்ணைச் சுழற்றி, ஆலையில் யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, கடைசியில் அவர் வந்தார்.

"யாரு, நீயா? ஆபீஸ்ல இருந்தா பேசற?"

"இல்லீங்க. காந்திபுரத்துல ஒரு பூத்துல இருந்து."

"அம்மாவுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான்."

நான் சொல்வது அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். அந்த இடைவெளியில் என் குரலே எனக்குத் திரும்பிக் கேட்டது. சும்மாதான் என்று ஒரு பெண் சொல்வதைக் கேட்டேன்.

"மேனேஜரு பக்கத்துல நிக்கறாரு," என்றார் அவர்.

"அவருக்குத் தமிழ் தெரியாதில்லீங்க?"

"தெரியாது. என்ற மூஞ்சியவே பாத்துட்டிருக்காரு."

நான் சிரித்துவிட்டேன். வெளியே காத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் போர்வை?"

"கீழ விரிச்சுத்தான் படுத்துக்கறேன். போத்துனா வெந்துபோயிருவேன் அம்மணி."

"எப்பங்க வருவீங்க?"

இந்த முறை இடைவெளி தொலைபேசியால் வந்தது அல்ல. "நீ எழுதறது முடிஞ்சா வந்துபோடுவேன்," என்றார்.

"அப்ப எழுதிர்றேனுங்க."

கணபதி பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போன பிறகுதான் நூல்கண்டு ஞாபகம் வந்தது. அத்தை கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "அவன் நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் வடிவம் தயாரானதும், எங்கள் பலகைகளை வாங்கிப் பொருத்தும் இயந்திரத் தொழிற்சாலையில் ஒரு சின்ன வைண்டிங் மெஷினைக் கேட்டு வாங்கி, உண்மையான நூல் போட்டு ஓட்டினேன். தடாகம் ரோட்டில், தகரக் கூரை போட்ட ஷெட். காலையில் ஆரம்பித்தது மதியம்வரை அப்பழுக்கில்லாமல் ஓடியது. எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கத் தொடங்கியிருந்தது. ரயில், அவர் இறங்கும் பெட்டி என்றெல்லாம் மனம் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், மூன்றாவது உருளை நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோன் பருத்துப் பக்கத்து உருளையை இடிக்கும் நிலையில் இருந்தது.

மெஷினை நிறுத்தவில்லை. அந்தச் சத்தம் இருக்கட்டும் என்று நூல் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து அழுதேன். அந்த ஷெட்டின் ஃபிட்டர், ஐம்பது வயதிருக்கும், கடையிலிருந்து இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு தன் டீயைக் குடித்தார்.

எங்கே தவறு என்பது அடுத்த நாள் அலுவலகத்தில் தெரிந்தது. இன்டரப்ட் ஃபங்ஷன் தன் வேலையைத் தானே செய்யும்வரை சிக்கல் இல்லை. அது வேறொரு ஃபங்ஷனை உதவிக்குக் கூப்பிட்டால், அந்த இரண்டாவது ஃபங்ஷன் எந்தெந்த ரெஜிஸ்டரைக் கலைக்கும் என்பது முதலாவதைக் கட்டும்போது கம்பைலருக்குத் தெரியாது. இதை நான் யோசிக்கவே இல்லை. வேறொன்றைக் கூப்பிடும் இன்டரப்ட் என்றால், கலைவதற்கு வாய்ப்புள்ள எல்லா ரெஜிஸ்டரையும் எடுத்து வைக்கும்படி மாற்றினேன். நூலின் நீளம் எண்ணும் பகுதி மட்டும் அதிவேகமாக ஓட வேண்டும். அதை யாரையும் கூப்பிடாமல் தனியாக வேலை செய்யும்படி திருத்தி எழுதினேன். மறுபடி தடாகம் ரோடு. இந்த முறை மூன்று நாள், எல்லா ஷிஃப்டும் ஓட்டினார்கள். காலையில் போனதும் ஃபிட்டர் சுற்றி முடித்த கோன்களைத் தராசில் வைத்துக் காட்டினார். எல்லாம் ஒரே எடை.

அந்த வாரமே அதே ஃபிட்டர் இரண்டாவது தொகுதி இயந்திரங்களைப் பொருத்த இந்தோனேசியா போவதாக இருந்தது. கம்பைலரைத் துண்டு துண்டாக ஃப்ளாப்பிகளில் ஏற்றினேன். ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் என்று ஒவ்வொன்றுக்கும் இரட்டையாக எடுத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொடுத்தேன். அத்தை ஒரு டப்பாவில் பருப்புப் பொடி கொடுத்தார்.

"இதைய அவன்கிட்ட குடுத்துப்போட்டு, அம்மா நல்லா இருக்கறேன்னு சொல்லிப்போடுங்க," என்றார்.

"நீங்க ஏதாச்சும் சொல்லணுமுங்களா?" என்று ஃபிட்டர் என்னிடம் கேட்டார்.

"முதல் ஃப்ளாப்பியில எல்லாம் எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க போதும்," என்றேன். எப்படி நிறுவ வேண்டும் என்பதைத்தான் எழுதியிருந்தேன். வேறு ஒன்றும் இல்லை. எழுத நினைத்தேன். அங்கே அந்தக் கணிப்பொறியை யார் யார் பார்ப்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

பதினைந்து நாளைக்குப் பிறகு போன் வந்தது. முதலாளி வழக்கம்போல் பொத்தானை அழுத்தினார்.

"ஒரு வாரமா ஓடுதுங்க," என்றார் கணவர். குரலில் தூங்கி எழுந்த தெளிவு. "நிக்க வேண்டியது மட்டும் நிக்குது. நடுவுல ரெண்டு தடவை புரோகிராமை மாத்திப் பாத்துட்டேன். ஒண்ணும் ஆகலீங்க."

முதலாளி சத்தமாகச் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஸ்பீக்கரை அணைத்து ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். இத்தனை நாள் நாங்கள் ஏங்கியது அதற்குத்தான். அவர் மூச்சு விடுவது கேட்டது. அங்கே மழை பெய்வதும் கேட்டது.

"வாரேன்," என்றார்.

"வாங்க," என்றேன்.

சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். அத்தை பிளாட்பாரத்திலேயே அவர் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டோவில் அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தார். அத்தையின் தலைக்கு மேலாக நாங்கள் ஒரு தடவை பார்த்துக்கொண்டோம். வீட்டில் சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள்.

மறுநாள் அவரை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். கேட்காமல் என்னோடு மொபெட்டில் அலுவலகம் வந்தார். தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "காட்டு" என்றார். நான் ஒரு சின்ன இன்டரப்ட் ஃபங்ஷன் எழுதி, கம்பைலர் அதை என்ன செய்கிறது என்று காட்டினேன். தோளோடு தோள் உரச உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். ஒரு ரெஜிஸ்டரைத் தேவையில்லாமல் எடுத்து வைக்கிறது என்றார். தேவைதான் என்றேன். மதியம்வரை வாதாடினோம். அவர் சொன்னதுதான் சரி. அதைத் திருத்தி மறுபடி கட்டப் போட்டுவிட்டு, கோப்புகளின் பெயர்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். இன்று யாராவது என் வாழ்க்கையில் திரும்பக் கிடைக்க வேண்டிய ஒரு மதியம் எது என்று கேட்டால், அதைத்தான் சொல்வேன்.

அப்படி ஐந்தாறு மாதம் இருந்தோம். பிறகு அந்த ஆலையிலிருந்து முதலாளிக்கு ஃபேக்ஸ் வந்தது. இயந்திரங்கள் அருமையாக ஓடுகின்றன, புதிய ஷெட் கட்டுகிறோம், அது முழுவதுக்கும் உங்கள் பலகை பொருத்தியதே வேண்டும், அதே இன்ஜினியர் வந்து ஒரு வருடமாவது உடனிருக்க வேண்டும் என்று. அலுவலகமே கொண்டாடியது. கீழே லேத் பட்டறைக்காரர்களுக்கும் இனிப்பு போனது. எல்லாரும் என்னிடம் வந்து, உங்களாலதானுங்க என்றார்கள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். எதிர் மேசையிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

மறுபடியும் அவர் பெட்டியை அடுக்கினேன். இந்தத் தடவை மெல்லிய துணிகளாகப் பார்த்து வைத்தேன். அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவர் சீக்கிரம் வர நான் இங்கே உட்கார்ந்து திருத்த வேண்டியது எதுவும் இல்லை. ரயில் நகர்ந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத இரண்டு பெண்களாக, வடகோவை மேம்பாலம் வரை நடந்தே வந்தோம்.